சிறுவனின் முழங்கையும் பெரியவர்களின் கைதட்டலும்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ரொறன்ரோவிலிருந்து என் தங்கையின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். வழமையான சுகம் விசாரிப்புகள் முடிந்ததும், "மாமா, சின்னவனுக்கு வலது முழங்கை நோகுதெண்டு டொக்டரிட்டைக் கொண்டுபோனனாங்கள். 6 கிழமைக்குப் பந்து எறியவே கூடாதெண்டு சொல்லிப்போட்டார். இவன் அழுதுகொண்டிருக்கிறான்" என்றாள். 12 வயதான அந்தப் பிள்ளை அங்குள்ள சிறுவர் பேஸ்போல் அணியொன்றில் பந்தெறிபவன். எலும்பு முறியவில்லை. வீக்கமும் பெரிதாக இல்லை. 'வளர்ச்சித் தட்டில் பாதிப்பு' என்று வைத்தியர் சொன்னாராம். அது என்னவென்று அவளுக்கு விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால் அன்று எனக்கும் விளங்கவில்லை.

பத்திரிகை அலுவலகங்களில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவனுக்கு, விளங்காத ஒரு சொல்லை அப்படியே விட்டுவிட்டு உறங்க இயலாது. தேடிப் படிக்கத் தொடங்கினேன். அந்தச் சிறுவனுக்கு வைத்தியர் எழுதிக்கொடுத்த 6 வார ஓய்வுக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது என்பதையும், அதில் என்னைப் போன்ற பத்திரிகைக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும் அப்போதுதான் அறிந்துகொண்டேன். அந்தப் பங்கு பெருமைப்படக்கூடியது அல்ல.

வளர்ச்சித் தட்டு என்பது வளரும் பிள்ளையின் எலும்பு நுனிகளுக்கு அருகில் இருக்கும் குருத்தெலும்புப் படை. எலும்பு நீளமாக வளர்வது இந்த இடத்திலிருந்துதான். வளர்ச்சி முடிந்ததும் அது கெட்டியான எலும்பாக மாறி மூடிக்கொள்கிறது. முழங்கையில் இத்தகைய வளர்ச்சி மையங்கள் ஆறு உள்ளன. ஒரு வயதளவில் முதலாவது எக்ஸ்றே படத்தில் தோன்றுகிறது. ஏறத்தாழ 11 வயதில் கடைசி மையம் தெரியவருகிறது. மேற்கை எலும்பின் கீழ் முனையில், உட்புறமாக ஒரு குமிழ் போன்ற மேடு உண்டு. கையை மடித்துத் தடவிப் பார்த்தால் அது விரலுக்குத் தட்டுப்படும். அந்தப் பகுதியில் மற்ற மையங்களெல்லாம் மூடிய பின்னரே, 15 முதல் 17 வயதளவில், இந்தக் குமிழ் தாய் எலும்புடன் முற்றாக ஒட்டுகிறது. மணிக்கட்டை மடக்கும் தசைகளும், முழங்கையின் உட்பக்கத்தை இறுக்கிப் பிடிக்கும் நாரும் இந்த ஒரே குமிழில்தான் வந்து பற்றியிருக்கின்றன.

பேஸ்போலில் பந்தெறிபவர் முழங்கையை மடித்து, முன்னங்கையைப் பின்னால் சாய்த்து, பின்னர் சாட்டையைச் சுண்டுவதுபோல முன்னோக்கி வீசுகிறார். அந்தக் கணத்தில் முழங்கையின் உட்பக்கம் பிளப்பதுபோல இழுபடுகிறது; வெளிப்பக்கம் நசுக்கப்படுகிறது; பின்பக்கம் உரசுகிறது. வளர்ந்தவரின் கையில் இந்த இழுவையை நார்தான் தாங்குகிறது, அறுவதானால் அதுவே அறும். பிள்ளையின் கையிலோ நாரைவிட வளர்ச்சித் தட்டு பலவீனமானது. ஈர மண்ணில் அடித்த கட்டையில் மாட்டைக் கட்டினால், மாடு இழுக்கும்போது கயிறு அறாது. கட்டைதான் அசைந்து அசைந்து பிடுங்கிக்கொண்டு வரும். பிள்ளையின் முழங்கையில் நடப்பதும் அதுவே. நூறு முறை, இருநூறு முறை, வாரத்துக்கு வாரம் இழுபடும்போது குமிழுக்கும் எலும்புக்கும் இடையிலான தட்டு அகன்று போகிறது. சில வேளைகளில் ஒரே ஒரு எறியில் குமிழே பிய்ந்துவிடுவதும் உண்டு.

பிள்ளைகளின் எலும்பு நுனிகள் இவ்வாறு பிரிந்துவிடும் என்பதை வைத்தியர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தனர். 1895இல் ரொன்ட்ஜன் எக்ஸ்கதிரைக் கண்டுபிடித்தார். மூன்றே ஆண்டுகளில், 1898இல், லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் போலண்ட் இவ்வகைக் காயங்களைப் பற்றிப் பெரியதொரு நூலை வெளியிட்டார். 1963இல் கனடாவைச் சேர்ந்த றொபர்ட் சோல்டரும் றொபர்ட் ஹரிஸும் வளர்ச்சித் தட்டுக் காயங்களை ஐந்தாக வகைப்படுத்தினர். இன்றும் உலகெங்கும் எலும்பு வைத்தியர்கள் அவர்கள் இருவரின் பெயரால்தான் அவற்றை எண்ணிட்டுச் சொல்கிறார்கள். ஆனால் இவை பெரும்பாலும் விழுவதனாலும் விபத்தினாலும் ஏற்படும் காயங்கள். விளையாட்டே மெல்ல மெல்ல உண்டாக்கும் காயத்தை இனங்காண்பதற்கு, சிறுவர்கள் பெருந்தொகையில் ஒரே விளையாட்டை ஒழுங்குமுறையாக ஆடும் காலம் வரவேண்டியிருந்தது.

அந்தக் காலம் 1939இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள வில்லியம்ஸ்போர்ட் நகரில் தொடங்கியது. கார்ள் ஸ்டொட்ஸ் என்பவர் அயலிலுள்ள சிறுவர்களுக்காக 'லிட்டில் லீக்' என்ற பேஸ்போல் போட்டியை அங்கு ஆரம்பித்தார். சிறு மைதானம், சிறுவர் அளவுக்கேற்ற இடைவெளிகள், சீருடை. நோக்கம் நல்ல நோக்கமே. 1947இல் அதன் முதலாவது இறுதிச் சுற்றுப்போட்டி நடைபெற்றது. யுத்தத்துக்குப் பின்னரான அமெரிக்காவில் இது காட்டுத்தீயெனப் பரவியது. முன்னர் தெருவிலும் வெறுங்காணியிலும் மனம்போல விளையாடி, அலுத்தால் வீட்டுக்குப் போன பிள்ளைகள், இப்போது பார்வையாளர் வரிசையில் பெற்றோர் அமர்ந்திருக்க, பயிற்றுவிப்பாளர் கையசைக்க, வெற்றிக்காக ஆடத் தொடங்கினர். நன்றாக எறியும் பிள்ளை ஒரு அணியில் ஒருவனோ இருவரோதான் இருப்பார்கள். ஆகவே அந்தப் பிள்ளைதான் திரும்பத் திரும்ப எறியவேண்டியிருந்தது.

1960இல் ப்ரொக்டன், குரோ என்ற இரு எக்ஸ்றே நிபுணர்கள் எழுதிய சிறு கட்டுரையொன்று 'லிட்டில் லீக் முழங்கை' என்ற பெயரை மருத்துவ உலகுக்குத் தந்தது. 1965இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த டொக்டர் ஜோயல் அடம்ஸ் 9 முதல் 14 வயது வரையான 162 சிறுவர்களின் முழங்கைகளைப் படம்பிடித்து ஒப்பிட்டார். அவர்களுள் 80 பேர் பந்தெறிபவர்கள். 47 பேர் அணியில் வேறு இடங்களில் ஆடுபவர்கள். 35 பேர் பேஸ்போல் ஆடாதவர்கள். எவ்வளவு எறிகிறார்களோ, எவ்வாறு எறிகிறார்களோ அதற்கேற்பவே எலும்பில் மாற்றங்கள் தெரிந்தன. சிறுவர்கள் வளைபந்து எறிவதை நிறுத்தவேண்டும், ஒரு ஆட்டத்தில் எறியும் அளவைக் குறைக்கவேண்டும், வீட்டு முற்றத்தில் தந்தையின் மேற்பார்வையில் நடக்கும் மேலதிகப் பயிற்சியைக் கைவிடவேண்டும் என்று அவர் எழுதினார்.

அதே 1965இல் வேறொருவரும் எச்சரித்தார். லிட்டில் லீக்கில் ஆடி வளர்ந்து, 1953இல் அமெரிக்காவின் தலையாய பேஸ்போல் போட்டிகளுக்குள் நுழைந்த முதலாவது வீரர் ஜோய் ஜே. பிள்ளைகளை அந்த லீக்கில் சிக்கவைக்க வேண்டாம் என்று அவரே சஞ்சிகையொன்றில் எழுதினார். மறு ஆண்டு, 1966 நவம்பரில், அக்காலத்தின் தலைசிறந்த பந்தெறிபவரான சண்டி கூஃபக்ஸ் முழங்கை மூட்டு தேய்ந்துபோன நிலையில் தனது 30ஆவது வயதில் ஓய்வை அறிவித்தார். அவருடைய முழங்கை வளர்ந்த மனிதனின் முழங்கை. பிள்ளைகளின் நோயோடு அதை ஒன்றாகக் குழப்பக்கூடாது. ஆயினும் பெற்றோர் பலருக்கு முதன்முறையாக அச்சம் தட்டியது.

இந்த அச்சம் நீடித்ததா என்றால் இல்லை. 1976இல் ஹூஸ்டன் நகரில் 595 சிறுவர்களையும் யூஜீன் நகரில் 120 சிறுவர்களையும் பரிசோதித்த இரு ஆய்வுகள் வெளியாகின. கடுமையான பாதிப்பு உள்ளவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தனர். இதைக் குறிப்பிடாமல் விடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. அடம்ஸ் அச்சப்பட்ட அளவுக்கு நிலைமை மோசமில்லை என்ற ஆறுதல் பலருக்குக் கிடைத்தது. ஆனால் பிந்திய காலத்தில் சிறுவர்கள் விளையாடிய முறையே மாறிவிட்டது. கோடையில் சில மாதங்கள் ஆடிய விளையாட்டை ஆண்டு முழுவதும் ஆடத் தொடங்கினர். ஒரே பிள்ளை ஒரே பருவத்தில் இரண்டு, மூன்று அணிகளுக்கு எறிந்தான். ஒரு பயிற்றுவிப்பாளர் எண்ணியதை மற்றவர் அறியமாட்டார்.

இடையில் 1974 செப்டெம்பர் 25ஆந் திகதி லொஸ் ஏஞ்சல்ஸில் டொக்டர் பிராங்க் ஜோப் ஒரு சத்திரசிகிச்சையைச் செய்தார். டொமி ஜோன் என்ற பந்தெறிபவரின் இடது முழங்கையில் அறுந்துபோன நாருக்குப் பதிலாக, அவரது மற்றக் கையிலிருந்து எடுத்த தசைநாரைப் பொருத்தினார். 1976இல் களத்துக்குத் திரும்பிய டொமி ஜோன், 1989 வரை ஆடி, சிகிச்சைக்குப் பின்னர் மாத்திரம் 164 வெற்றிகளைப் பெற்றார். மருத்துவத்தின் மகத்தான சாதனைதான். ஆனால் அதற்கு எதிர்பாராத ஒரு பக்கவிளைவும் இருந்தது. 'கை கெட்டால் பரவாயில்லை, சத்திரசிகிச்சை இருக்கிறது. அதன் பின்னர் முன்னையைவிட வேகமாக எறியலாம்' என்ற தவறான நம்பிக்கை பெற்றோர் மத்தியிலும் பரவியது. 2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்கு உள்ளானவர்களின் காப்புறுதிப் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், ஏறத்தாழ 57 வீதமானோர், 15க்கும் 19க்கும் இடைப்பட்ட வயதினர்.

அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் டொக்டர் ஜேம்ஸ் அன்ட்றூஸ் 1987இல் விளையாட்டு மருத்துவ ஆய்வு நிறுவனமொன்றை ஆரம்பித்தார். முழங்கைகளை வெட்டித் தைப்பதில் பெயர்பெற்ற அந்த மனிதரே, வெட்டவேண்டிய அவசியம் வராமல் தடுப்பது எப்படி என்று ஆராயவும் துணைநின்றார். 2002இல் வெளியான அவர்களது ஆய்வில் 9 முதல் 14 வயது வரையான 476 சிறுவர்களை ஒரு பருவம் முழுவதும் அவதானித்திருந்தனர். பாதிக்கும் மேற்பட்டோருக்கு முழங்கையிலோ தோளிலோ வலி வந்திருந்தது. எறிந்த பந்துகளின் எண்ணிக்கை கூடக்கூட வலியும் கூடியது. 2006இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவாகப் பேசியது. ஆண்டில் 8 மாதங்களுக்கு மேல் போட்டிகளில் எறிந்தவர்கள் சத்திரசிகிச்சைக்கு உள்ளாகும் வாய்ப்பு 5 மடங்கு. கை களைத்த பின்னரும் வழக்கமாக எறிந்துகொண்டிருந்தவர்களுக்கு அது 36 மடங்கு. 481 சிறுவர்களை 10 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓராண்டில் 100 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர்கள் கடுமையாகக் காயமடையும் வாய்ப்பு மூன்றரை மடங்கு. நீண்டகாலம் குற்றஞ்சாட்டப்பட்ட வளைபந்தைவிட, எண்ணிக்கையும் களைப்புமே பெரிய எதிரிகள் என்பது வெளிச்சமாயிற்று.

இவற்றின் விளைவாக 2007இல் லிட்டில் லீக் தனது விதியை மாற்றியது. அதுவரை எத்தனை இன்னிங்ஸ் எறியலாம் என்றே வரம்பு இருந்தது. ஒரு இன்னிங்ஸ் 8 பந்துகளிலும் முடியும். 35 பந்துகளுக்கும் நீளும். புதிய விதி பந்துகளையே எண்ணச் சொன்னது. 10 வயதும் அதற்குக் குறைந்தோரும் ஒரு நாளில் 75 பந்துகள், 11, 12 வயதினர் 85 பந்துகள், அதன் பின்னர் எறிந்த எண்ணிக்கைக்கேற்பக் கட்டாய ஓய்வு நாட்கள். இதற்கு எக்ஸ்றே இயந்திரம் வேண்டியதில்லை. ஒரு பென்சிலும் ஒரு தாளும் போதும். அந்தப் பென்சிலைக் கையிலெடுக்க 1960 முதல் 47 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

இனி ஜப்பானுக்கு வருகிறேன். பத்திரிகைக்காரன் என்ற முறையில் என்னை அதிகம் உறுத்தியது அங்குள்ள வரலாறுதான். ஜப்பானின் உயர்பாடசாலை பேஸ்போல் போட்டி நாட்டையே கட்டிப்போடும் ஒரு திருவிழா. கோடைகாலப் போட்டியை 1915இல் ஆரம்பித்தது அசாஹி பத்திரிகை. வசந்தகாலப் போட்டியை 1924இல் ஆரம்பித்தது மைனிச்சி பத்திரிகை. அதாவது போட்டியை நடத்துபவரும் அதைப் பற்றி எழுதுபவரும் ஒருவரே. 1998 ஓகஸ்டில், கோஷியன் மைதானத்தில், 17 வயதான டைசுகே மட்சுசாகா 17 இன்னிங்ஸ் நீண்ட கால்இறுதி ஆட்டத்தில் 250 பந்துகளை எறிந்தார். அதற்கு முதல்நாளும் அவர் முழு ஆட்டம் எறிந்திருந்தார். நாடு மெய்சிலிர்த்தது. 2013 வசந்தகாலப் போட்டியில் 16 வயதான டொமொஹிரோ அன்ராக்கு ஐந்து ஆட்டங்களில் 772 பந்துகளை எறிந்தபோது அமெரிக்க ஊடகங்கள் அதிர்ச்சியடைந்தன. ஜப்பானில் அதை மன உறுதி என்று போற்றியோர் பலர். மட்சுசாகா 2011இல் டொமி ஜோன் சத்திரசிகிச்சைக்கு உள்ளானார். 1998ஆம் ஆண்டின் 250 பந்துகள்தான் அதற்குக் காரணம் என்று சொல்ல எவராலும் முடியாது. ஆனால் அந்த 250ஐக் கைதட்டி வரவேற்றதைப் பார்த்து வளர்ந்த ஆயிரக்கணக்கான சிறுவர்கள், வலியைச் சொல்வது கோழைத்தனம் என்று கற்றுக்கொண்டார்கள்.

2019 ஜூலையில் இவாத்தே மாகாணத்தில் நடந்தது இதற்கு நேர்மாறானது. ஒபுனாத்தோ உயர்பாடசாலையின் ரோகி சசாகி அந்தத் தலைமுறையின் அதிவேகப் பந்தெறிபவர். மாகாண இறுதிப் போட்டியில் வென்றால் கோஷியன். முதல்நாள் அரையிறுதியில் அவர் 129 பந்துகளை எறிந்திருந்தார். பயிற்றுவிப்பாளர் யோஹெய் கொக்குபோ, காயத்தைத் தவிர்ப்பதற்காக அவரை இறுதிப் போட்டியில் இறக்கவில்லை. அணி 12க்கு 2 என்ற கணக்கில் தோற்றது. பாடசாலைக்குக் கண்டனத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. நாடு இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. 2020 முதல் ஒரு வாரத்தில் 500 பந்துகள் என்ற வரம்பை ஜப்பானிய உயர்பாடசாலை பேஸ்போல் சம்மேளனம் விதித்தது. 2022 ஏப்ரல் 10ஆந் திகதி, 20 வயதான சசாகி, எதிரணியில் ஒருவரைக்கூட ஓடவிடாமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தார். 2025இல் அமெரிக்காவுக்குச் சென்ற முதலாவது பருவத்தில் அவருக்குத் தோள் உபாதை ஏற்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஓய்வு கொடுத்தால் காயமே வராது என்ற உறுதிமொழி எதுவும் இல்லை. ஆனால் பிள்ளையின் உடல் எவருடைய வெற்றிக்கும் ஈடுவைக்கும் பொருளல்ல என்று ஒரு ஆசிரியர் தீர்மானித்தார். அதற்குரிய ஏச்சையும் அவரே வாங்கிக்கொண்டார்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொரு மைதானம் நினைவுக்கு வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில், வடக்கில் இரு பாடசாலைகளுக்கிடையிலான கிரிக்கெட் ஆட்டமொன்றைப் பற்றி எழுதும்படி என்னை அனுப்பியிருந்தார்கள். ஒரு மாணவன், 16 வயதிருக்கும், காலையில் தொடங்கி ஏறக்குறைய மாலை வரை ஒரு முனையிலிருந்து வேகமாகப் பந்துவீசினான். 'சளைக்காத கரம்' என்று நான் தலைப்பிட்டேன். இரண்டு ஆண்டுகளின் பின்னர் பேருந்து நிலையத்தில் அவனைக் கண்டேன். இப்போது விளையாடுவதில்லை என்றான். ஏனென்று கேட்டேன். "அண்டைக்கு மத்தியானமே நாரி நோகத் தொடங்கிற்று அண்ணை. சொன்னால் மாத்திப்போடுவினம் எண்டு சொல்லேல்லை. நீங்கள் எழுதினதை வெட்டி வைச்சிருக்கிறன்" என்று சிரித்தான். கிரிக்கெட்டில் பந்துவீசும்போது முழங்கை நேராக இருப்பதால், இளம் வேகப்பந்துவீச்சாளரின் பாரம் பெரிதும் கீழ்முதுகு எலும்பிலேயே விழுகிறது. இங்கிலாந்து கிரிக்கெட் சபை இன்று வயதுக்கேற்ப ஓவர் வரம்புகளை விதித்திருப்பது அதனால்தான். உறுப்பு வேறு; கதை ஒன்றே. அவன் பந்துவீசிய ஓவர்களை நான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணிக்கையைப் புகழாக மட்டுமே எழுதினேன். 'இந்தப் பிள்ளையை ஏன் ஒருவரும் மாற்றவில்லை?' என்று ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவில்லை.

இனி சிகிச்சை. பேரனின் கதைக்கு இது அவசியம். வைத்தியர்கள் இரு முழங்கைகளையும் எக்ஸ்றே எடுத்து ஒப்பிடுகிறார்கள். பிள்ளையின் எலும்பில் எது இயல்பு, எது பாதிப்பு என்று அறிய அவனது மற்றக் கையே சிறந்த அளவுகோல். ஆரம்பத்தில் படம் சாதாரணமாகவே தெரியலாம். அதனால் வலி பொய்யாகிவிடாது. வளர்ச்சித் தட்டு அகன்றிருந்தால் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் எறிவதை முற்றாக நிறுத்துவார்கள். சிலருக்கு மூன்று மாதங்கள்வரை செல்லும். ஓடலாம், கால்களுக்கும் இடுப்புக்கும் பயிற்சி செய்யலாம். வலி முற்றாகப் போய், கை முழுமையாக நீள மடங்க முடிந்த பின்னர், தோளையும் முதுகையும் பலப்படுத்தி, குறுகிய தூரத்தில் மெல்ல எறியத் தொடங்கி, படிப்படியாகத் தூரத்தையும் வேகத்தையும் கூட்டவேண்டும். குமிழ் பிய்ந்து விலகியிருந்தால் கட்டுப்போடுவதா, திருகாணி வைத்துப் பொருத்துவதா என்பதை விலகிய அளவைக்கொண்டு முடிவுசெய்வார்கள். எத்தனை மில்லிமீற்றரில் கத்தி வைப்பது என்பதில் நிபுணர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. முழங்கையின் வெளிப்பக்கம் நோவதும், மூட்டு இடையில் சிக்கிக்கொள்வதும், கையை நீட்ட முடியாமற்போவதும் வேறு விதமான, கூடிய கவனம் வேண்டிய பாதிப்பின் அறிகுறிகள். அவற்றை நாட்கடத்தக்கூடாது. வலிநிவாரணி கொடுத்து எறியவைப்பது சிகிச்சையல்ல. வலி என்பது உடல் அடிக்கும் மணி, அதன் நாக்கைக் கட்டிவிடுவதில் பயனில்லை.

மற்றொரு ஞாயிற்றுக்கிழமை நானே ரொறன்ரோவுக்கு அழைத்தேன். பேரனிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னேன். எப்போதிருந்து நோகத் தொடங்கியது என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "போன வருசம், தாத்தா" என்றான். ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒருத்தரும் கேக்கேல்லை" என்றான்.

தேடிப் படித்த அத்தனை ஆய்வுகளையும்விட எனக்கு அதிகம் கற்பித்த பதில் அது. வெற்றி பெற்றாயா, எத்தனை பேரை வீழ்த்தினாய் என்று நாம் எல்லோரும் அவனிடம் கேட்டிருக்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன். உலகின் எந்த மூலையிலாவது எறிந்தோ வீசியோ விளையாடும் பிள்ளையொன்று உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். ஆட்டம் முடிந்து வரும்போது முதற் கேள்வியாகக் கை நோகிறதா என்று கேளுங்கள். நோகிறது என்று சொன்னால் அதை நம்புங்கள்.